மருந்தில்லா உறக்கம்: இணையவழிச் சிந்தனை நடத்தைச் சிகிச்சை

சென்னையின் மேற்குப் புறநகர் இரவில் முழுமையாக அடங்குவதில்லை. 1964இல் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டு முடித்து இரவு பத்து மணிக்கு வெளியேறுவோருக்கு எதிரே மூன்றாம் ஷிப்டுக்காரர்கள் உள்ளே சென்றுகொண்டிருப்பர். அதே பேட்டையின் கண்ணாடிக் கட்டடங்களில் அமெரிக்கப் பகலுக்கு ஏற்ப நம் இளைஞர்கள் இரவெல்லாம் கணினிமுன் அமர்ந்திருக்கின்றனர். பூந்தமல்லி வழியே பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் ஓய்வதேயில்லை. கோயம்பேட்டுச் சந்தைக்குச் செல்லும் சில்லறை வியாபாரிகள் ஊர் உறங்கும்போதே எழுந்துவிடுகின்றனர். இத்தகைய ஊரில் பலருக்கு உறக்கம் குறைவதில் வியப்பில்லை. ஆயினும் இக்கட்டுரை வேலையால் உறங்க இயலாதவர்களைப் பற்றியதன்று. படுக்கை உண்டு, நேரம் உண்டு, களைப்பும் உண்டு. உறக்கம் மட்டும் வருவதில்லை என்னும் நிலையில் ஆண்டுக்கணக்கில் அல்லல்படுவோரைப் பற்றியது. அவர்களுக்கு மாத்திரையின்றிச் செய்யப்படும் ஒரு சிகிச்சை உண்டு என்பதும், அது இன்று கைப்பேசி வழியாகவே கிடைக்கிறது என்பதும் நம்மவரிடையே போதிய அளவு அறியப்படாத செய்திகள்.

மருத்துவர்கள் எதனை நாட்பட்ட உறக்கமின்மை என்கின்றனர்? உறங்கப் போதிய வாய்ப்பு இருந்தும், உறக்கம் தொடங்குவதிலோ தொடர்வதிலோ இடர்ப்பாடு. அல்லது விடியலுக்கு வெகு முன்பே விழித்து மீண்டும் உறங்க இயலாமை. இது வாரத்தில் மூன்று இரவுகளேனும் நிகழ வேண்டும். மூன்று மாதங்களேனும் நீடிக்க வேண்டும். பகலில் சோர்வு, எரிச்சல், கவனக் குறைவு முதலிய பாதிப்புகளை உண்டாக்க வேண்டும். மகளின் திருமணத்துக்கு முந்திய வாரம் உறங்காதிருப்பது நோயன்று. திருமணம் முடிந்து பேரன் பிறந்த பின்னும் அவ்வாறே விழித்துக் கிடப்பதே நோய். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் நலமாக இருப்பவர்களிடையே நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உறக்கமின்மை உடையவராகக் காணப்பட்டார்.

அரபு மொழி இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காண உதவுகிறது. விரும்பியோ பணியின் பொருட்டோ விழித்திருப்பதை இன்றைய வழக்கில் 'ஸஹர்' என்பர்; விரும்பியும் உறக்கம் வாராமையை 'அரக்' என்பர். இப்னு சீனா தம் 'அல்கானூன்' நூலின் மூன்றாம் பகுதியில் தலை சார்ந்த நோய்களைக் கூறுமிடத்து, ஸஹர் என்ற சொல்லையே நோய்க்கும் ஆள்கிறார். (நோன்புக்காக எழும் ஸஹர் நேரம் வேறு சொல். அதில் வருவது தொண்டையின் நடுவிலிருந்து பிறக்கும் ஹா. இதில் வருவது தொண்டையின் அடியிலிருந்து பிறப்பது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) 'அரக்' என்ற சொல் ஹதீஸிலும் வருகிறது. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள், அரக்கினால் இரவில் உறங்க முடியவில்லை என நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டதாகவும், அதற்கெனத் துஆ ஒன்றைக் கற்றுக்கொடுக்கப்பட்டதாகவும் திர்மிதியில் ஓர் அறிவிப்பு உண்டு. இதன் அறிவிப்பாளர் தொடர் வலுவானதன்று எனத் திர்மிதி அவர்களே குறிப்பிடுகிறார். ஆயினும் ஒன்றை இங்கு நாம் கவனிக்க வேண்டும். போர்க்களங்களின் வீரருக்கு உறக்கமின்மை இருந்ததாகச் சொல்வதை, அவருடைய ஈமானுக்குக் குறைவாக அறிவிப்பாளர் எவரும் எண்ணவில்லை. "தொழுகிறவனுக்குத் தூக்கம் ஏன் வராது?" என்று உறக்கமற்றவரை மேலும் நோகடிக்கும் பேச்சு நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்கிறது. அப்பேச்சு நோயை வளர்க்கும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

உறக்கமின்மைக்கு நம் பகுதியில் நடைமுறையிலுள்ள வைத்தியம் மாத்திரைதான். அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம் முதலியவை 2014 முதல் நம் நாட்டில் எச்1 என்னும் பட்டியலில் அடங்கும். மருத்துவரின் சீட்டு இன்றி விற்கலாகாது. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்கவும் வேண்டும். இக்கட்டுப்பாட்டுக்குக் காரணம் இல்லாமலில்லை. சில வாரங்கள் தொடர்ந்து உண்டால் உடல் இவற்றுக்குப் பழகிவிடுகிறது. அதே பயன் பெற அளவைக் கூட்ட வேண்டியுள்ளது. திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்புகிறது. முதியவர்கள் இரவில் ஒதுங்க எழும்போது தள்ளாடி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் இவை காரணமாகின்றன. குறுகிய கால நெருக்கடிக்கு மருத்துவர் தருமாயின் அதனைக் குறைகூற இயலாது. பத்தாண்டுகளாக ஒரே சீட்டை நீட்டி வாங்கி உண்பதுதான் கேடு.

அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட உறக்கமின்மையுள்ள வயது வந்தோர் அனைவருக்கும் முதற்சிகிச்சையாகத் தர வேண்டியது காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி என்றது. ஐரோப்பிய உறக்க ஆய்வுக் கழகமும் 2017இல் அதனையே கூறியது. 2023இல் அவ்வழிகாட்டுதலைப் புதுப்பித்தபோது, நேரில் தந்தாலும் இணையவழி தந்தாலும் இதுவே முதற்சிகிச்சை என்றது. தமிழில் இதனைச் சிந்தனை நடத்தைச் சிகிச்சை எனலாம். நோய்க்குத் தீனி போடும் எண்ணங்களையும் பழக்கங்களையும் கண்டறிந்து மாற்றுவதே இதன் வழி. மாத்திரை நிறுத்தப்பட்டதும் அதன் பயன் நின்றுவிடுகிறது. இச்சிகிச்சையின் பயனோ பாடம் முடிந்த பின்னும் பெரும்பாலும் நிலைக்கிறது.

இதன் அடிப்படையை விளங்கிக்கொள்ள ஆர்தர் ஸ்பீல்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1987இல் வகுத்த விளக்கம் உதவும். உறக்கமின்மைக்கு மூவகைக் காரணங்கள் உண்டென்றார் அவர். முதலாவது இயல்பு: சிலர் பிறப்பிலேயே எளிதில் விழிப்படைவோர். இரண்டாவது தொடக்கம்: ஒரு மரணம், கடன், நோய், பணியிழப்பு. மூன்றாவதே முக்கியமானது, நோயை நிலைக்கச் செய்யும் காரணம். உறக்கம் கெட்டவர் அதனை ஈடுகட்டச் சில செயல்களைச் செய்கிறார். முன்னதாகவே படுக்கிறார், விடிந்த பின்னும் படுத்தே இருக்கிறார், பகலில் உறங்குகிறார், மணிக்கு நான்கு முறை கடிகாரம் பார்க்கிறார், இன்றிரவும் உறக்கம் வராதோ என மாலையிலேயே அஞ்சத் தொடங்குகிறார். தொடக்கக் காரணம் மறைந்து ஆண்டுகள் பல ஆகியிருக்கும்; ஈடுகட்டும் செயல்கள் மட்டும் நின்று நோயைப் பேணிக்கொண்டிருக்கும். சிகிச்சை முதன்மையாகத் தொடுவது இம்மூன்றாவதையே. கடன் தீர்ந்தால் உறக்கம் வரும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதில் அடங்கிய நற்செய்தி.

இதன் முதற்கூறு படுக்கை நேரத்தைச் சுருக்குவது. கேட்டவுடன் எவரும் மறுப்பர். உறக்கம் இல்லாதவனைக் குறைவாகப் படுக்கச் சொல்வதா என்பர். கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். ஆவடியில் தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குப் படுக்கிறார். சுப்ஹு தொழுகைக்கு ஐந்து மணிக்கு எழுகிறார். பள்ளிவாசலிலிருந்து திரும்பி 5.45க்கு மீண்டும் படுத்து 7.30க்கு எழுகிறார். படுக்கையில் கழிந்தது 8 மணி 45 நிமிடம். உறக்கக் குறிப்பேட்டில் ஒரு வாரம் எழுதிப் பார்த்தால், உண்மையில் உறங்கியது சராசரியாக 5 மணி 15 நிமிடம் மட்டுமே. உறங்கிய நேரத்தைப் படுத்திருந்த நேரத்தால் வகுத்தால் 60 விழுக்காடு. இதற்கு உறக்கத் திறன் என்று பெயர். நல்லுறக்கம் உடையவர்க்கு இது 85க்கு மேல் இருக்கும். இப்போது அவருக்குத் தரப்படும் கட்டளை: இரவு 11.30க்கு முன் படுக்கலாகாது. காலை ஐந்துக்கு எழுந்தபின் மீண்டும் படுக்கலாகாது. அதாவது ஐந்தரை மணி நேரமே படுக்கை.

முதல் வாரம் கடினமாக இருக்கும். ஆனால் உறக்கத்தின் உந்துதல் பகலெல்லாம் சேர்ந்து சேர்ந்து, 11.30க்குத் தலை சாய்த்ததும் கண் அயரத் தொடங்கும். துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த உறக்கம் ஒன்றுகூடும். ஒரு வாரச் சராசரியில் அவர் 4 மணி 50 நிமிடம் உறங்குவாராயின் திறன் 88 விழுக்காடாகிறது. உடனே 15 நிமிடம் கூட்டித் தருவர், 11.15க்குப் படுக்கலாம். அடுத்த வாரமும் அத்திறன் நிலைத்தால் பதினொரு மணி. திறன் குறைந்தால் நேரமும் குறையும். எனினும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே எவரையும் சுருக்குவதில்லை. இவ்வாறு ஆறு முதல் எட்டு வாரங்களில் அவரவர்க்குரிய இயல்பான அளவு தெளிவாகிறது. மாறாமல் நிற்க வேண்டியது எழும் நேரம். படுக்கும் நேரமே மாறும்.

இங்கே நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. இச்சிகிச்சையில் மேலைநாட்டார் பெரிதும் இடறுவது எழும் நேரத்தை நிலைநிறுத்துவதில்தான். விடுமுறை நாளில் பத்து மணிவரை உறங்குவோரை ஆறு மணிக்கு எழுப்புவது எளிதன்று. சுப்ஹு தொழுவோர்க்கு அவ்வுறுதி முன்னரே அமைந்துள்ளது. அதிலும் சென்னை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.40க்கும் 6.40க்கும் இடையிலேயே நிகழ்கிறது. சுப்ஹு நேரமும் அதற்கேற்ப ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நகர்கிறது. லண்டன் முஸ்லிம்கள் நிலை வேறு. அங்கே ஜூனில் ஐந்து மணிக்கு முன்பும் டிசம்பரில் எட்டு மணிக்குப் பின்பும் சூரியன் உதிக்கிறது. நமக்கு இடையூறு சுப்ஹுக்கு எழுவதிலன்று, சுப்ஹுக்குப் பின் படுப்பதில்தான். அந்த ஒன்றரை மணி நேர உறக்கம் இரவின் உறக்கத்திலிருந்து கடன் வாங்கியது. நலமுள்ளவர் உறங்குவதைப் பற்றி இங்குப் பேச்சில்லை. அரக் உடையவர் சிகிச்சைக் காலத்திலேனும் அதனைக் கைவிட்டு, விடியல் வெளிச்சத்தில் நடந்துவிட்டு வருவது நலம். காலை ஒளி உடலின் உள்கடிகாரத்தைச் சீராக்குகிறது.

இரண்டாவது கூறு, ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்தது: படுக்கையை உறக்கத்துக்கு மட்டும் உரியதாக்குவது. (இல்லறம் இதற்கு விலக்கு.) உறக்கம் வந்தால் மட்டும் படுக்க வேண்டும். ஏறத்தாழ இருபது நிமிடம் வரவில்லையெனில் எழுந்து வேறிடம் சென்று, மங்கிய ஒளியில் அமைதியான எதையாவது செய்து, கண் செருகும்போது திரும்ப வேண்டும். எத்தனை முறையாயினும் அவ்வாறே. ஆண்டுக்கணக்கில் விழித்துப் புரண்டு புரண்டு, படுக்கையைக் கண்டாலே மனம் விழித்துக்கொள்ளும் பழக்கம் உடலில் ஊறிவிடுகிறது; கூடத்து நாற்காலியில் கண்ணயர்ந்தவர் படுக்கையில் சாய்ந்ததும் விழித்துக்கொள்வது இதனால்தான். அப்பிணைப்பை அறுத்துப் புதிய பிணைப்பை உண்டாக்குவதே நோக்கம்.

"வேறறைக்குச் செல்க" என்கிறது பாடம். அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஐவர் வாழும் குடும்பம் எந்த வேறறைக்குச் செல்லும்? கூடத்தில் மகன் உறங்குகிறான்; அடுக்களையில் விளக்குப் போட்டால் மாமியார் விழித்துக்கொள்வார். நம் முன்னோர் கைக்கொண்ட பாய் இங்கே உதவக்கூடும். இரவில் விரித்து விடிந்ததும் சுருட்டி மூலையில் சாய்க்கும் பாயில் பகலில் எவரும் அமர்ந்து உண்பதில்லை, கணக்கு எழுதுவதில்லை, தொலைக்காட்சி பார்ப்பதில்லை. கட்டிலும் மெத்தையும் வந்த பின்னரே அது பகலில் இருக்கையாகவும் மேசையாகவும் மாறியது. பத்தமடையில் நம் லெப்பைமார் நெய்யும் கோரைப்பாய்க்கு உலகப் புகழ் உண்டு. அதனைச் சுருட்டிவைக்கும் பழக்கத்துக்கும் ஒரு பயன் இருந்திருக்கிறது. வேறறை இல்லாதவர் படுக்கையை விட்டு எழுந்து சுவரோரம் ஒரு நாற்காலியில் அமர்ந்தாலும் போதும். படுக்கையில் கிடந்து விழித்திராமையே வேண்டுவது.

அவ்வாறு எழுந்தவர் உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழலாமா எனச் சிலர் கேட்கக்கூடும். தாராளமாகத் தொழலாம். ஆயினும் தொழுகையை உறக்க மாத்திரையாக்கி, "தொழுதும் வரவில்லையே" என்று மீண்டும் கடிகாரம் பார்ப்பாராயின் இரண்டும் கெடும். நபிகளாரின் மஸ்ஜிதில் இரு தூண்களுக்கிடையே கட்டப்பட்டிருந்த கயிற்றைப் பற்றி நபியவர்கள் கேட்டதும், அது தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்ள ஸைனப் (ரலி) கட்டியது என அறிந்து அவிழ்க்கச் சொன்னதும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. தொழுகையில் கண் அயர்ந்தால் போய்ப் படுக்கும்படி ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. வணக்கமாயினும் உறக்கமாயினும் வலிந்து இழுப்பதை அவை ஏற்கவில்லை. உறக்கத்தைத் திருமறை 78ஆம் அத்தியாயத்தில் 'ஸுபாத்' என்கிறது. அறுத்தல், நின்றுபோதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. முயற்சி அறுபடும்போது வருவதை முயன்று எவ்வாறு வரவழைப்பது?

மூன்றாவது கூறு எண்ணங்களைப் பற்றியது. "எட்டு மணி நேரம் உறங்காவிட்டால் நாளை என்னால் எதுவும் செய்ய இயலாது". "இப்படியே போனால் மூளை கெட்டுவிடும்". நம்மவர் கூட்டிச் சேர்ப்பது, "என் ஈமானில் ஏதோ குறை". இவ்வெண்ணங்கள் அச்சத்தை எழுப்ப, அச்சம் உடலை விழிப்பில் நிறுத்துகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. நாட்பட்ட உறக்கமின்மையில் பெரும்பாலும் குறைந்திருப்பது உறக்க ஆற்றலன்று, கூடியிருப்பது விழிப்பு. சிகிச்சையாளர் அவ்வெண்ணத்தை எழுதச் செய்து, சான்றோடு ஒப்பிடச் செய்கிறார்: சென்ற மாதம் உறங்காத பன்னிரண்டு இரவுகளுக்கு அடுத்த பகல்களில் எத்தனை நாள் உண்மையில் கடை திறக்கவில்லை? பெரும்பாலும் விடை, ஒன்றுமில்லை.

இவ்விடத்தில் அபூ ஸைத் அல்பல்கியை நினைவுகூர்வது பொருந்தும். ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் மறைந்த இவரைப் புவியியலாளராகவே பலர் அறிவர். இவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூல் முற்பகுதியில் உடல் நலத்தையும் பிற்பகுதியில் உள்ள நலத்தையும் கூறுகிறது. கோபம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணம் ஆகியவற்றை அவர் தனித்தனியே ஆராய்கிறார். நலமாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைத் தேடிச் சேமித்துவைத்து, உள்ளம் கலங்கும்போது அவற்றை மருந்துபோல் எடுத்தாள வேண்டும் என்பது அவர் கூறும் வழி. இஸ்தான்புல் அயாசோஃபியா நூலகத் தொகுப்பில் கிடந்த இதன் கையெழுத்துப் படியை 1984இல் ஃபுஆத் ஸெஸ்கின் நகற்பதிப்பாக வெளியிட்டார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி 2013இல் உள்ள நலப் பகுதியை ஆங்கிலத்தில் தந்து, அதனைச் சிந்தனை நடத்தைச் சிகிச்சையின் முன்னோடி எனக் காட்டினார். இதனைக் கொண்டு, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது எனப் பெருமிதம் கொள்வது எனக்கு உடன்பாடன்று. ஒப்புமை எண்ணத்தைக் கொண்டு எண்ணத்தை மாற்றும் முறையில் உள்ளது. படுக்கை நேரத்தைக் கணக்கிட்டுச் சுருக்கும் முறை ஸ்பீல்மனுடையதே.

இரவில் தேநீர் அருந்தாதீர், அறையை இருட்டாக்குங்கள் என்னும் அறிவுரைகளை வார இதழ்கள் அடிக்கடி அச்சிடுகின்றன. அவை தீங்கற்றவை, தனித்து நின்று நோயைத் தீர்க்கும் ஆற்றல் அற்றவை. 241 ஆய்வுகளையும் முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்டோரையும் உள்ளடக்கி 2024இல் வெளியான தொகுப்பாய்வொன்று, எண்ணச் சீரமைப்பு, படுக்கை நேரச் சுருக்கம், படுக்கையை உறக்கத்துக்கு மட்டும் ஆக்குதல் ஆகியவை பயன் தருவதாகவும், இத்தகைய உறக்க ஒழுக்கப் போதனை இன்றியமையாததன்று எனவும் கண்டது. உடலைத் தளர்த்தும் பயிற்சிகள்கூட எதிர்விளைவு தரக்கூடும் என்றது. உறங்குவதற்காகத் தளர்வதும் ஒரு முயற்சியாகிவிடுவதால் இருக்கலாம்.

கைலூலா என்னும் நண்பகல் உறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் இரவு வணக்கத்துக்கு எழுவதை எளிதாக்கும் புறக் காரணங்களாக அளவோடு உண்ணல், பகலில் உடலை மிகக் களைப்புறச் செய்யாமை, கைலூலாவை விடாமை, பாவங்களைத் தவிர்த்தல் ஆகியவற்றைக் கூறுகிறார். இரவில் விழித்திருக்க விரும்புவோர்க்கு உரியது அது. இரவில் உறங்க விரும்புவோர்க்கு அதுவே இடையூறாகலாம். பகலுறக்கம் இரவின் உந்துதலைத் தணித்துவிடுகிறது. கைலூலா விரும்பத்தக்கதே, கடமையன்று. சில வாரங்கள் மருத்துவத்துக்காக விடுவதில் தவறில்லை.

இப்பாடங்களை இணையத்தில் ஏற்றும் முயற்சி ஸ்வீடனில் தொடங்கியது எனலாம். 2004இல் அங்கு 109 பேரிடம் செய்த ஆய்வு வெளியாயிற்று. சிகிச்சை அறிந்த உளவியலாளர்கள் எந்நாட்டிலும் குறைவு. பாடமோ ஒழுங்கானது, கணக்கு எளியது, வாரந்தோறும் மீள்வது. கணினிக்கு இயல்பாகவே ஏற்றது. நோயாளி காலையில் முந்திய இரவைப் பதிகிறார்; நிரல் உறக்கத் திறனைக் கணக்கிட்டு அவ்வாரத்துக்குரிய நேரத்தை வகுக்கிறது; சிறு பாடமொன்றைக் கற்பிக்கிறது. பிரிட்டனில் காலின் எஸ்பி உருவாக்கிய ஸ்லீப்பியோ, அமெரிக்க வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் லீ ரிட்டர்பாண்டு உருவாக்கிய ஷட்டை ஆகியவை பெயர்பெற்றவை. ஷட்டையை 303 பேரிடம் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பின் 56.6 விழுக்காட்டினர் உறக்கமின்மையிலிருந்து நீங்கியிருந்தனர். ஸ்லீப்பியோவை 2022இல் பிரிட்டனின் நைஸ் என்னும் அரசு மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் உறக்க மாத்திரைக்கு மாற்றாகப் பரிந்துரைத்தது. ஷட்டையிலிருந்து பிறந்த சோம்ரிஸ்ட் 2020இல் அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்றும், அதனை விற்ற நிறுவனம் 2023இல் நொடித்துப்போனது. பின்னர் வேறொரு நிறுவனம் அதனை வாங்கிற்று. நற்சிகிச்சை நல்வணிகமாவதில்லை போலும்.

இதன் பெருங்குறை, தொடங்குவோர் பலர் முடிப்பதில்லை என்பது. பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களில் 3,755 மாணவர்களைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்ற குழுவில் ஆறு பாடங்களையும் திறந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. மேற்கூறிய 2024ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் நேரில் தரும் சிகிச்சைக்குக் கூடுதல் பயன் இருப்பதாகவே கூறியது. இரண்டாம் வாரம் உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது, "பொறுங்கள், இது எதிர்பார்த்ததே" எனக் கூற ஒரு மனிதர் வேண்டும். வாரம் ஒருமுறை குறிப்பேட்டைக் கேட்டுப் பார்க்கும் மகளோ நண்பரோ இருந்தால், தொடர்வது எளிதாகும் என்பது என் கருத்து. மற்றொரு முரணும் உண்டு: உறக்கத்தைத் திருடும் கைப்பேசியிலேயே உறக்கத்துக்கான பாடமும் இருக்கிறது. குறிப்பேட்டைக் காலையில் மட்டும் நிரப்ப வேண்டும். இரவில் கருவி படுக்கைக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். மணி பார்த்துத் துல்லியமாக எழுத வேண்டியதில்லை, உத்தேசம் போதும்.

குறைகள் இருந்தும் இணையவழி நமக்கு ஏற்றது என நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரையே தமிழகம் ஏளனச் சொல்லாக்கி வைத்திருக்கிறது. அங்குள்ள அரசு மனநலக் காப்பகத்தின் வாயிலில் நம் உறவினர் எவரேனும் கண்டுவிட்டால், வீட்டிலுள்ள பெண்ணுக்கு வரன் அமையாது என அஞ்சுவோர் இன்றும் உளர். அண்ணாநகர் மேற்கு விரிவில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப், மனநலப் பணியில் உலகறிந்தது; அம்பத்தூருக்கு அண்மையிலேயே இருந்தும் அதன் படியேறத் தயங்குவோர் பலர். வீட்டில் அமர்ந்து கற்கும் பாடத்துக்கு இவ்வச்சமில்லை. அமெரிக்கப் படைவீரர் நலத்துறை வெளியிட்டுள்ள இன்சோம்னியா கோச் என்னும் செயலி எவருக்கும் இலவசம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த மகனோ மகளோ துணையிருந்தால் பெற்றோரும் பயன்படுத்தலாம். தமிழிலேயே பேச வேண்டுமெனில், 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். அது இச்சிகிச்சையின் முழுப் பாடத்தைத் தருவதன்று. எனினும் இது உறக்கமின்மைதானா, அதற்குப் பின்னால் மனச்சோர்வு உள்ளதா, யாரிடம் செல்ல வேண்டும் என்பதை அறிய நல்ல முதற்படி.

இந்நிரல்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பதையும் நோக்க வேண்டும். "நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்க விரும்புகிறீர்கள்?" என்று அவை கேட்கின்றன. இரவு பதினொன்றுக்கு ஷிப்டு முடித்து வரும் கணவருக்குக் கதவு திறந்து உணவு பரிமாறி, காலை ஏழு மணி வேனுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெண்ணுக்குத் தன் படுக்கை நேரம் தன் கையில் இல்லை. உறக்கமின்மை ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதி என்பது உலகெங்கும் கண்ட உண்மை. அவளுக்குச் சிகிச்சை வேண்டுமெனில் வீட்டார் சில வாரங்கள் தாமே பரிமாறிக்கொள்ளத்தான் வேண்டும். வாரந்தோறும் ஷிப்டு மாறுவோர்க்கும் இப்பாடம் உள்ளபடியே பொருந்தாது. நிலையான எழும் நேரம் அவர்களுக்கு அமையாது. பெரும்பாலான ஆய்வுகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவுமில்லை. அவர்கள் உறக்க மருத்துவரை நேரில் காண்பதே முறை.

இனி எச்சரிக்கைகள். படுக்கை நேரச் சுருக்கத்தின் முதலிரு வாரங்களில் பகலில் தூக்கக் கலக்கம் உறுதி. பிரஸ் இயந்திரத்தில் கைவைத்து வேலை செய்வோரும், லாரி ஓட்டுவோரும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் செல்வோரும் மருத்துவர் மேற்பார்வையின்றி இதனைத் தொடங்கலாகாது. வலிப்பு நோய் உடையவர்க்கும், பெருங்களிப்பும் பெருஞ்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் உடையவர்க்கும் உறக்கக் குறைப்பு நோயைத் தூண்டிவிடும். உரக்கக் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று திணறுவோர்க்கு இருப்பது வேறு நோய். உடல் பருமனோ நீரிழிவோ உள்ளவர்கள் இதனை முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். நீண்ட காலம் மாத்திரை உண்டவர் பாடம் தொடங்கிய அன்றே அதனை நிறுத்திவிடலாகாது. மருத்துவர் வகுக்கும் அளவில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

ரமளானில் இதனைத் தொடங்குவது பயன் தராது. தராவீஹும் ஸஹரும் இரவை இரு துண்டாக்குகின்றன, பகலுறக்கமும் கூடுகிறது. ஆறு வாரப் பாடம் ரமளானுக்குள் முடியும்படி ரஜப் மாதத்திலேயே தொடங்கலாம். அல்லது ஷவ்வால் முதல் வாரத்தில் வீட்டின் இரவுகள் பழைய நிலைக்குத் திரும்பியபின், இரண்டு வாரம் வெறுமனே குறிப்பேடு எழுதிவிட்டுத் தொடங்கலாம். குறிப்பேட்டுக்கு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும்: படுத்த நேரம், ஏறத்தாழ உறங்கிய நேரம், இடையில் விழித்திருந்த அளவு, எழுந்த நேரம், பகலில் கண்ணயர்ந்தது. இவ்வைந்தையும் சுப்ஹு தொழுதபின் எழுத இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.